நெட்டு கட் ஆகி கட் ஆகி வருதா? ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி லைட்டை பாருங்க

போன வருஷம் மாங்கா சீசன்ல எங்க வீட்டு நெட்டு ஒரு நாளைக்கு எட்டு தடவை பத்து தடவைனு போய் போய் வந்துச்சு. எங்க ஊரு காவேரிப்பட்டணத்துல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு, வீட்டை சுத்தி மாந்தோப்பு, மொபைல் சிக்னல் வீட்டுக்குள்ள ஒரு கோடு ரெண்டு கோடு தான் நிக்கும், அதனால ஃபைபர் லைன் போச்சுனா எல்லாமே போச்சு. தங்கச்சி பெங்களூர் கம்பெனிக்கு வீட்ல இருந்தே வேலை பாக்குறா, மீட்டிங்ல பேசிட்டு இருக்கும்போதே அவ படம் அப்படியே ஸ்டக் ஆகி நின்னுடும், திரும்ப உள்ள வர்றதுக்குள்ள அவங்க வேற விஷயத்துக்கு போயிருப்பாங்க. அந்த மூணு வாரம் அவ பட்ட பாடு எனக்கு தான் தெரியும். அதனால தான் இதை இவ்வளவு நீளமா எழுதுறேன், இதே நிலைமைல இருக்கறவங்க கொஞ்சம் பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

எல்லாரும் பண்றத தான் நாங்களும் பண்ணோம். நெட்டு போனா ஸ்விட்ச்சை ஆஃப் பண்ணி, பத்து எண்ணி, திரும்ப ஆன் பண்ணா வந்துடும். ஆனா இதுல ஒரு கெடுதல் இருக்கு. ரீஸ்டார்ட் பண்ண அந்த நிமிஷமே எதனால போச்சுங்கற தடயம் மொத்தமும் அழிஞ்சிடுது. ரெண்டு மணி நேரம் கழிச்சு லைன்காரர் வந்து பாக்கறப்ப எல்லா லைட்டும் பச்சையா இருக்கு, ஸ்பீடு டெஸ்ட் போட்டு காட்டுறாரு, நல்லா தானே இருக்குனு கிளம்பிடுறாரு. அவரை குறை சொல்லியும் பிரயோஜனம் இல்ல, அவர் வந்த நேரத்துல நிஜமாவே நல்லா தான் இருந்துச்சு.

அதனால முதல் வேலை இது தான். அடுத்த தடவை நெட்டு போனதும் ஸ்விட்ச் பக்கம் கையை கொண்டு போகாதீங்க. நேரா ரவுட்டர் முன்னாடி போய் நின்னு ஒரு நிமிஷம் லைட்டை மட்டும் பாருங்க, முடிஞ்சா போன்ல ஒரு போட்டோ எடுங்க. மணி எத்தனைனு குறிச்சு வைங்க. எங்க வீட்ல தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளை அம்மா சேர்த்து வைப்பாங்க, அந்த தாளோட பின்பக்கத்துல பென்சில்ல எழுத ஆரம்பிச்சோம். 6.05 எல்லா லைட்டும் அணைஞ்சு வந்துச்சு, 2.40 சிவப்பு லைட்டு, 3.15 சிவப்பு லைட்டு, காத்து அடிச்சுது, இப்படி. நாலு நாள் எழுதினதும் விஷயம் பிடிபட்டுடுச்சு, எங்க வீட்ல இருந்தது ஒரு பிரச்சனையே இல்ல, ரெண்டு. ஒண்ணு கரண்ட் சம்பந்தப்பட்டது, இன்னொண்ணு வெளிய வர்ற கேபிள். ரெண்டும் ஒரே சமயத்துல இருந்ததால ஒண்ணை சரி பண்ணாலும் இன்னொண்ணு வந்து, சரி பண்ணது வேலை செய்யலனு நினைக்க வச்சுது.

லைட்டு விஷயத்துக்கு வரேன். ஃபைபர் ரவுட்டர்ல (இனி டப்பானு சொல்றது இதை தான்) பவர், பான் (PON), எல்ஓஎஸ் (LOS), இன்டர்நெட், வைஃபைனு வரிசையா இருக்கும், கம்பெனிக்கு கம்பெனி இடம் மாறும், பேர் கொஞ்சம் மாறும். பான் லைட்டு நிலையா எரிஞ்சா உங்க டப்பா ஆபரேட்டரோட மெஷினோட பேசிட்டு இருக்குனு அர்த்தம், அது மினுக் மினுக்குனு இருந்தா பேச ட்ரை பண்ணிட்டு இருக்கு. எல்ஓஎஸ் சாதாரணமா அணைஞ்சு தான் இருக்கணும், சிவப்புல மினுக்குச்சுனா கண்ணாடி இழை வழியா வர்ற வெளிச்சம் டப்பாவுக்கு வந்து சேரலனு அர்த்தம். இன்டர்நெட் லைட்டுங்கறது லாகின் ஆகி ஐபி அட்ரஸ், அதாவது நெட்டுல நம்ம டப்பாவுக்கான விலாச நம்பர், கிடைச்சதா இல்லையானு காட்டும். இந்த மூணையும் தெரிஞ்சுக்கிட்டாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

மொதல்ல எல்லா லைட்டும் ஒண்ணா அணைஞ்சு திரும்ப ஒவ்வொண்ணா வர்ற கேஸ். இதுக்கும் லைனுக்கும் சம்பந்தமே இல்ல, டப்பா தானா ரீஸ்டார்ட் ஆகுது. பெரும்பாலும் அடாப்டர் தான் காரணம். நம்ம பக்கம் கிராமத்துல விவசாய மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்ட் முறை வச்சு விடுவாங்க இல்லையா, எங்களுக்கு அந்த சமயம் காலைல ஆறு மணி, கரண்ட் வந்ததும் சுத்துப்பட்டு கிணத்து மோட்டார் எல்லாம் ஒரே நேரத்துல எடுக்கும், வீட்ல ட்யூப்லைட்டு ஒரு நொடி மங்கி வரும். அந்த ஒரு நொடி தான் வில்லன். நல்ல அடாப்டரா இருந்தா உள்ள இருக்கற கெபாசிட்டர் அந்த சின்ன இறக்கத்தை தாங்கிடும். ரெண்டு மூணு வருஷம் ராத்திரி பகலா ஓடின அடாப்டர்ல அந்த கெபாசிட்டர் காஞ்சு போயிருக்கும், லேசா வோல்டேஜ் இறங்கினாலே கையை விரிச்சிடும். டிவியும் ஃபேனும் ஓடிட்டே இருக்கும், ரவுட்டர் மட்டும் செத்து பொழைக்கும், அதனால யாருக்கும் கரண்ட் மேல சந்தேகமே வராது.

மல்டிமீட்டர் வச்சு அடாப்டர் பின்னை தொட்டு பாத்தா 12 வோல்ட் சரியா காட்டும், அதை நம்பிடாதீங்க. சுமை இல்லாதப்ப காட்டற வோல்டேஜ் அது, ரவுட்டரை மாட்டி வைஃபை ஓடும்போது தான் அது இறங்கும். அடாப்டரை கையில பிடிச்சு பாருங்க, பிடிக்க முடியாத சூடு, காதுகிட்ட வச்சா ஙொய்ங்னு ஒரு சத்தம், இல்லனா பின்னை லேசா ஆட்டினா லைட்டு அணையறது, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலே மாத்திடுங்க. மாத்தும்போது பழசு மேல எழுதி இருக்கறத பாத்து வாங்குங்க. வோல்ட் அதே தான் இருக்கணும், 12ன்னா 12, 9ன்னா 9, ஏத்தவும் கூடாது இறக்கவும் கூடாது. ஆம்பியர் அதே அளவோ அதுக்கு மேலயோ இருக்கலாம், 1 ஆம்பியர் கேக்கற ரவுட்டருக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போட்டா ஒண்ணும் ஆகாது, அரை ஆம்பியர் போட்டா தான் திண்டாடும். பின்னோட நடுவுல பிளஸ் இருக்கானு அந்த சின்ன வட்டப் படத்தையும் ஒத்துப் பாத்துக்கோங்க. கிருஷ்ணகிரில ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில முன்னூறு ரூபாய்க்குள்ள தான் எங்களுக்கு முடிஞ்சுது. அதுக்கு முந்தின வாரம் தான் ரெண்டாயிரத்து சொச்சத்துக்கு புது ரவுட்டர் வாங்கலாம்னு அப்பாகிட்ட காசு கேட்டு வச்சிருந்தோம்.

கரண்ட் கட்டே அடிக்கடி இருக்கற ஊருனா ரவுட்டருக்குன்னே வர்ற மினி யூபிஎஸ் ஒண்ணு வாங்கறது நல்லது. வீட்ல இன்வெர்ட்டர் இருந்தாலும் கரண்ட்ல இருந்து பேட்டரிக்கு மாறற அந்த கண் சிமிட்டற நேரத்துல சில ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகிடும், அதுக்கும் இது மருந்து. வாங்கும்போது ஒரு கணக்கு தெரிஞ்சிருக்கணும். டப்பா மேல 8000 எம்ஏஎச்னு போட்டிருந்தா அது உள்ள இருக்கற 3.7 வோல்ட் பேட்டரிக்கான கணக்கு, 12 வோல்ட்டுக்கு இல்ல. 8000 எம்ஏஎச்னா எட்டு ஆம்பியர் அவர், அதை 3.7 ஆல பெருக்குனா கிட்டத்தட்ட 30 வாட் அவர் வரும், உங்க ரவுட்டர் 8 வாட் எடுத்தா நஷ்டம் போக மூணு மணி நேரம் சுமாரா நிக்கும். ஃபைபர் டப்பா தனியா, வைஃபை ரவுட்டர் தனியானு ரெண்டு இருக்கற வீட்ல ரெண்டுக்கும் பேக்கப் வேணும், ஒண்ணுக்கு மட்டும் குடுத்துட்டு நெட்டு வரலனு சொல்றவங்களை நிறைய பாத்திருக்கேன்.

இதுல இன்னொண்ணும் இருக்கு. நம்ம வீட்ல பேக்கப் இருந்தும், ஊர்ல கரண்ட் போனா நெட்டும் போகுதுனா கேபிள்காரர் பக்கம் பாக்கணும். பெரிய கம்பெனி போடற பான் லைன்ல நடுவுல எங்கயும் கரண்ட் தேவைப்படாது, ஒரு லைனை பல வீட்டுக்கு பிரிக்கற ஸ்ப்ளிட்டர் வெறும் கண்ணாடி தான். ஆனா சில லோக்கல் லைன்ல நடுவுல லைனை பிரிச்சு விடற ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் டப்பா வச்சு யாரோ ஒருத்தர் வீட்டு கரண்ட்ல ஓட்டுவாங்க. அந்த வீட்டுக்காரங்க மெயினை ஆஃப் பண்ணிட்டு வெளியூர் போனா தெருவுக்கே நெட்டு இருக்காது. நம்ம லைன் எந்த டப்பால இருந்து வருது, அதுக்கு கரண்ட் எங்க இருந்துனு கேபிள்காரர்கிட்ட ஒரு தடவை கேட்டு வச்சுக்கோங்க.

அடுத்தது சிவப்பு லைட்டு. இது கேபிள். எங்க வீட்டுக்கு ரோட்டு போஸ்ட்ல இருந்து வர்ற கருப்பு ஒயர் மாந்தோப்பு வழியா தான் வருது, அதை போட்டப்போ ஒரு மரக்கிளையில பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கி கட்டிட்டு போயிட்டாங்க. ரெண்டு வருஷத்துல கிளை பெருத்துடுச்சு, டேக் பட்டைக்குள்ள பதிஞ்சு, ஒயர் அந்த இடத்துல விரலை மடக்கின மாதிரி மடங்கி கிடந்துச்சு. காத்து அடிச்சா கிளை ஆடும், மடிப்பு இறுகும், வெளிச்சம் அங்கயே கசிஞ்சு போயிடும், காத்து நின்னா நெட்டு வந்துடும். போதாக்குறைக்கு மாங்கா பறிக்கும்போது தொரட்டி வேற அந்த ஒயர்ல பட்டுட்டே இருந்திருக்கு. காலண்டர் தாள்ல காத்து அடிச்சுதுனு எழுதி வச்சது தான் எங்களை அந்த மரத்தடிக்கு கூட்டிட்டு போச்சு, இல்லனா அங்க போய் பாக்கணும்னே தோணி இருக்காது.

கேபிள் எப்படி இருக்குங்கறத வீட்ல உக்காந்தே அளக்கலாம், இது நிறைய பேருக்கு தெரியாது. ரவுட்டரோட செட்டிங்ஸ் பக்கத்துக்கு போங்க, பிரவுசர்ல 192.168.1.1 அடிச்சா பெரும்பாலும் வரும், ஜியோ டப்பானா 192.168.29.1, யூசர்நேம் பாஸ்வேர்டு பெரும்பாலும் டப்பா அடியில ஸ்டிக்கர்ல இருக்கும். உள்ள ஸ்டேட்டஸ்ங்கற பக்கத்துல பான் இன்ஃபோ, ஆப்டிகல் இன்ஃபோனு ஏதாவது ஒரு பேர்ல ரிசீவ் பவர்னு ஒரு நம்பர் இருக்கும், சில கம்பெனி டப்பால மட்டும் இதை மறைச்சு வச்சிருப்பாங்க. வந்து சேர்ற வெளிச்சத்தோட அளவு அது, மைனஸ்ல டிபிஎம்னு (dBm) காட்டும். மைனஸ் 15ல இருந்து மைனஸ் 24 வரைக்கும் இருந்தா நிம்மதியா இருக்கலாம். மைனஸ் 27ங்கறது விளிம்பு, அதை தாண்டினா எப்ப வேணா அறுந்துடும். மைனஸ் 7, மைனஸ் 6னு மைனஸ் 8ஐ தாண்டி சைபர் பக்கம் போனாலும், அதாவது வெளிச்சம் ரொம்ப ஓவரா இருந்தாலும் ஆகாது, ஆனா அது வீடுகள்ல அபூர்வம். ஒவ்வொரு 3 டிபி இறங்கும்போதும் வெளிச்சம் பாதியாகுதுனு ஞாபகம் வச்சுக்கோங்க. எங்களுக்கு காத்து இல்லாதப்ப மைனஸ் 26ம், காத்துல மைனஸ் 28ம் காட்டிச்சு. அந்த மடிப்பை வெட்டி எடுத்து புது ஜாயிண்ட் போட்டு, ஒயரை மரத்துல கட்டாம தனியா ரெண்டு கம்பம் நட்டு கொண்டு வந்ததும் மைனஸ் 21க்கு வந்துடுச்சு. 28க்கும் 21க்கும் ஏழு தானே வித்தியாசம்னு தோணும், ஆனா வெளிச்சத்துல அது அஞ்சு மடங்கு.

இந்த நம்பரை கையில வச்சுக்கிட்டு லைன்காரருக்கு போன் பண்ணி பாருங்க, பேச்சே மாறிடும். அண்ணா நெட்டு விட்டு விட்டு வருதுனு சொன்னா நாளைக்கு பாக்கலாம்பாரு. அண்ணா ரிசீவ் பவர் மைனஸ் 28 காட்டுதுங்க, மதியம் காத்துல எல்ஓஎஸ் அடிக்குதுனு சொன்னோம், அன்னிக்கு சாயங்காலமே பவர் மீட்டர், இழையை ஒட்டற ஸ்ப்ளைஸ் மெஷினோட வந்துட்டாரு. அவருக்கும் எங்க தேடணும்னு தெரிஞ்சு போச்சு.

வீட்டுக்குள்ள நீங்களே பாக்க வேண்டிய இடங்களும் இருக்கு. ரவுட்டருக்கு பின்னாடி வர்ற மெல்லிசான ஒயர் செவுத்துக்கும் டேபிளுக்கும் நடுவுல நசுங்கி இருக்கா, ஆணியில சுத்தி மாட்டி இருக்கா, ஜன்னல் கதவு சாத்தும்போது அது மேல படுதானு பாருங்க. சுருட்டி வைக்கறதுனா டீ கிளாஸ் வாய் அளவுக்கு குறையாம வட்டமா விடுங்க. எலியும் அணிலும் அந்த ஒயரை விடாது, மச்சு மேல போற இடத்துல பல் தடம் இருக்கானு டார்ச் அடிச்சு பாருங்க. ஒயர் முனையில இருக்கற கனெக்டர் கலரையும் கவனிங்க, பச்சைக்கு பச்சை தான் ஜோடி, பச்சையோட முனை சாய்வா சீவி இருக்கும், நீலம் நேரா இருக்கும், ரெண்டையும் சேத்து மாட்டினா நடுவுல இடைவெளி விழுந்து வெளிச்சம் வீணாகும். ஆனா ஒண்ணு, அந்த கனெக்டரை கழட்டி கழட்டி மாட்டாதீங்க, முனையை விரலால தொடாதீங்க, துணியால துடைக்காதீங்க, கண்ணுக்கு தெரியாத ஒரு தூசு போதும். முக்கியமா அந்த முனையை கண்ணுக்கு நேரா வச்சு பாக்கவே கூடாது. உள்ள வர்றது கண்ணுக்கு தெரியாத லேசர், வெளிச்சம் தெரியலனு கிட்ட கொண்டு போய் பாக்கறது ஆபத்து, சின்ன பசங்க இருக்கற வீட்ல சொல்லி வைங்க. மழை பெய்ஞ்ச மறுநாள் மட்டும் சிவப்பு அடிக்குதுனா போஸ்ட்ல இருக்கற ஜாயிண்ட் டப்பாக்குள்ள தண்ணி இறங்கி இருக்கும், அது லைன்காரர் தான் பாக்கணும், நீங்க ஏணி போட்டு ஏற வேண்டாம், அதே போஸ்ட்ல கரண்ட் லைனும் போகும்.

பான் பச்சையா நிக்குது, எல்ஓஎஸ் அணைஞ்சிருக்கு, ஆனா இன்டர்நெட் லைட்டு மட்டும் சிவப்புனா அது லாகின். ரீசார்ஜ் தேதி முடிஞ்சிடுச்சானு மொதல்ல பாருங்க. பிபிபிஓஇங்கற (PPPoE), யூசர்நேம் பாஸ்வேர்டு போட்டு லாகின் ஆகற முறையில ஓடற லைன்ல, கனெக்ஷன் அறுந்ததும் ஆபரேட்டர் பக்கம் பழைய லாகின் சில சமயம் கொஞ்ச நேரம் உயிரோட நிக்கும், அது போற வரைக்கும் புதுசை விடாது. நாம அவசரத்துல ஆஃப் ஆன் ஆஃப் ஆன்னு அடிக்க அடிக்க அது இன்னும் சிக்கலாகும், ஆஃப் பண்ணி ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா விட்டு ஆன் பண்ணுங்க. ரவுட்டர் செட்டிங்ல கனெக்ட் ஆன் டிமாண்ட்னு இருந்தா அதை ஆல்வேஸ் ஆன்னு மாத்துங்க, யாரும் யூஸ் பண்ணாத நேரத்துல அதுவே லைனை கழட்டி விடற செட்டிங் அது. அப்புறமும் சரியாகலனா ஆபரேட்டர் பக்கம் தான் பாக்கணும்.

இப்ப ரொம்ப குழப்பற கேஸ், எல்லா லைட்டும் பச்சை, ஆனா போன்லயும் லேப்டாப்லயும் நெட்டு இல்ல. இங்க பிங் போட்டு, அதாவது ஒரு நம்பரை கூப்பிட்டு பதில் வருதானு பாக்கறது மாதிரி வேற நல்ல வழி கிடையாது. விண்டோஸ்ல சிஎம்டினு தேடி அந்த கருப்பு விண்டோவை தொறங்க. பிங்னு இங்கிலீஷ்ல அடிச்சு, ஒரு இடம் விட்டு 192.168.1.1னு ரவுட்டர் நம்பர், இன்னொரு இடம் விட்டு மைனஸ் டி போடுங்க, அது நிறுத்தற வரைக்கும் ஓடிட்டே இருக்கும், நிறுத்த கண்ட்ரோல் சி. அதே மாதிரி இன்னொரு விண்டோல 8.8.8.8க்கு ஓட விடுங்க. ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வச்சுட்டு உங்க வேலையை பாருங்க. நெட்டு போற நொடில ரெண்டுலயும் டைம்டு அவுட்னு வந்தா லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நடுவுல, அதாவது வைஃபைல கோளாறு. ரவுட்டர் பதில் சொல்லுது, 8.8.8.8 மட்டும் சொல்லலனா வெளி லைன். ரெண்டும் பதில் சொல்லியும் எந்த வெப்சைட்டும் தொறக்கலனா டிஎன்எஸ் (DNS), அதாவது வெப்சைட் பேரை ஐபி நம்பரா மாத்தி குடுக்கற இடத்துல கோளாறு, ரவுட்டர்ல டிஎன்எஸ் இடத்துல 1.1.1.1ம் 8.8.8.8ம் போட்டு சேவ் பண்ணா பெரும்பாலும் தீந்துடும். இதோட கூட லேன் ஒயர்ல ஒரு லேப்டாப்பை மாட்டி பாத்தா சந்தேகமே இருக்காது, ஒயர்ல நெட்டு விடாம வருது, வைஃபைல மட்டும் கட் ஆகுதுனா லைன்காரரை கூப்பிடவே வேண்டாம். அந்த லேன் ஒயரோட முனையில இருக்கற சின்ன கிளிப் உடைஞ்சிருந்தா மட்டும் வேற ஒயர் போடுங்க, ஒடஞ்ச கிளிப் தானா நழுவி நழுவி இதே வேலையை பண்ணும்.

வைஃபைனு முடிவாச்சுனா நம்ம ஊரு வீட்டை வச்சு யோசிக்கணும். கிருஷ்ணகிரி பக்கம் பழைய வீடெல்லாம் கல்லு சுவரு, ஒன்றரை அடி கனம் இருக்கும், கல்லுக்கு பஞ்சமே இல்லாத ஊரு. 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு கல்லு சுவரை தாண்டறதுக்குள்ள மூச்சு வாங்கும், 2.4 கொஞ்சம் தாக்கு பிடிக்கும். ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சிருந்தா போன் இதுக்கும் அதுக்கும் தாவிட்டே இருக்கும், தாவற ஒவ்வொரு தடவையும் பேசிட்டு இருக்கற போன் கால் ஒரு நொடி விட்டு போகும். ரெண்டுக்கும் வேற வேற பேர் வச்சு, ரவுட்டர் இருக்கற ரூம்ல 5, மத்த ரூம்ல 2.4னு பிரிச்சுட்டாலே பல வீட்ல சரியாகிடும். ரவுட்டர் எங்க இருக்குங்கறதும் முக்கியம், இரும்பு பீரோ பின்னாடி, டிவி பின்னாடி, தண்ணி ட்ரம் பக்கத்துலனு வச்சா இரும்பும் தண்ணியும் சிக்னலை முழுங்கிடும். செட்டாப் பாக்ஸ் மேல, ஃப்ரிட்ஜ் மேல வச்சா சூட்டுல அதுவே தடுமாறும், நம்ம சித்திரை வெயில்ல ஓட்டு வீட்ல சொல்லவே வேண்டாம். நாலு பக்கமும் காத்து போற மாதிரி நெஞ்சு உயரத்துக்கு ஒரு பலகை அடிச்சு வைங்க.

ஓசூர்ல என் ஃப்ரெண்டு ஒருத்தன் வரிசையா ஒட்டி ஒட்டி இருக்கற லைன் வீட்ல இருக்கான், அவன் போன்ல வைஃபை லிஸ்ட் எடுத்தா இருபது வைஃபை வருது, எல்லாமே 2.4ல. அங்க பிரச்சனை சுவரு இல்ல, நெரிசல். 2.4ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத சேனல் மூணு தான், 1, 6, 11. வைஃபை அனலைசர் ஆப் ஒண்ணு போட்டு அந்த மூணுல எதுல கூட்டம் கம்மியோ அதை ஆட்டோல இருந்து எடுத்து நிலையா போட்டுடுங்க, சேனல் விட்த்தை (சேனலோட அகலம்) 20ல வைங்க, 40 போட்டா பக்கத்து வீட்டோட இன்னும் அதிகமா மோதும். 5 ஜிகாஹெர்ட்ஸ்ல சிலருக்கு திடீர்னு அந்த வைஃபை பேரே காணாம போய் ஒரு நிமிஷம் கழிச்சு வரும், அதுக்கு காரணம் 52ல இருந்து 144 வரைக்கும் உள்ள சேனல் ரேடாரோட பங்கு போட்டுக்கற சேனல். ரேடார் மாதிரி ஏதாவது பட்டா ரவுட்டர் உடனே இடத்தை காலி பண்ணணும்ங்கறது விதி, புதுசா இன்னொரு ரேடார் சேனலுக்கு போனா குறைஞ்சது ஒரு நிமிஷம் கேட்டுட்டு தான் பேசணும். 36ல இருந்து 48க்குள்ள, இல்லனா 149ல இருந்து 161க்குள்ள ஒரு சேனலை நிலையா வச்சா இந்த தொல்லை இருக்காது.

தர்மபுரி டவுன்ல அத்தை வீட்ல வேற கதை. மாடி ரூமுக்கு வைஃபை எட்டலனு பழைய ரவுட்டரை எடுத்து லேன் ஒயர் போட்டு மேல மாட்டி இருந்தாங்க. ரெண்டு டப்பாவும் நான் தான் 192.168.1.1னு சொல்லிட்டு, ரெண்டும் தனித்தனியா தன்கிட்ட வர்ற போனுக்கு ஐபி குடுத்துட்டு இருந்துச்சு. எந்த போன் எந்த டப்பாகிட்ட ஐபி வாங்குதோ அதை பொறுத்து நெட்டு வரும், வராது. ஒரு வீட்டுக்கு ரெண்டு பேர் சாவி குடுத்தா இப்படி தான். மேல இருக்கற டப்பாவோட ஐபியை 192.168.1.2னு மாத்தி, அதுல டிஎச்சிபியை (DHCP, போனுக்கெல்லாம் ஐபி குடுக்கற வேலை) ஆஃப் பண்ணி, ஒயரை வேன் (WAN) ஓட்டையில இருந்து எடுத்து லேன் (LAN) ஓட்டையில மாட்டினதும் பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. டிஎச்சிபியை ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ஐபியை மாத்திடுங்க, இல்லனா திரும்ப அந்த பக்கத்துக்குள்ள போறது கஷ்டம்.

ஒரே ஒரு லேப்டாப்ல மட்டும் போகுது, மத்த எல்லாத்துலயும் நல்லா இருக்குனா ரவுட்டரை விட்டுடுங்க. டிவைஸ் மேனேஜர்ல வைஃபை அடாப்டரை தொறந்து பவர் மேனேஜ்மெண்ட்ல, பவர் மிச்சம் பிடிக்க இதை ஆஃப் பண்ணலாம்ங்கற டிக்கை எடுத்துடுங்க. தங்கச்சி லேப்டாப்லயும் இதை பண்ணி விட்டேன்.

இங்க ஒரு எச்சரிக்கை, இதை தயவு செஞ்சு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லுங்க. ரவுட்டர் பின்னாடி ஊசி நுழையற அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், ரீசெட்னு எழுதி இருக்கும். ரீஸ்டார்ட் வேற, ரீசெட் வேற. அந்த ஓட்டையில ஊக்கை வச்சு பத்து நொடி அழுத்தினா வைஃபை பேர், பாஸ்வேர்டு மட்டும் இல்ல, ஆபரேட்டர் போட்டு வச்ச லாகின், லைனுக்கான விலான் (VLAN) நம்பர் எல்லாம் அழிஞ்சு போற டப்பா நிறைய இருக்கு. விட்டு விட்டு வந்த நெட்டு மொத்தமா நின்னுடும், திரும்ப ஆள் வந்து போட்டா தான் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் அதை அழுத்திட்டு திங்கக்கிழமை வரைக்கும் காத்திருந்த வீடு எனக்கு தெரியும்.

கோடை மழைக்கு மேகம் கட்டினா, இடி மின்னல் கிட்ட வர்றதுக்கு முன்னாடியே அடாப்டரை பிளக்ல இருந்து கழட்டிடுங்க, ஸ்விட்ச் ஆஃப் மட்டும் போதாது. டிவிக்கோ கம்ப்யூட்டருக்கோ போற லேன் ஒயரையும் ரவுட்டர்ல இருந்து எடுத்துடுங்க. கண்ணாடி இழை மின்சாரத்தை கடத்தாது, ஆனா அதை தாங்கிட்டு வர்ற கேபிள்ல இரும்பு கம்பி இருக்கலாம், இருந்தா அந்த கம்பி வீட்டுக்குள்ள வராம வெளியிலயே வெட்டி நிறுத்தி இருக்காங்களானு பாத்துக்கோங்க.

கம்ப்ளைண்ட் பண்ணும்போது போன்ல சொன்னதோட விட்டுடாம டாக்கெட் நம்பர் (புகார் பதிவு எண்) கேட்டு வாங்கி எழுதி வைங்க. மூணு தடவை பண்ணியும் அதே நிலைமைனா அந்த நம்பரை எல்லாம் வச்சு கம்பெனியோட அப்பலேட் அதாரிட்டிக்கு மேல்முறையீடு போடலாம், அதுக்கு காசு எதுவும் கட்ட தேவை இல்ல, விலாசம் அவங்க வெப்சைட்லயே இருக்கும். நீங்க எழுதி வச்ச நேரமும் லைட்டு போட்டோவும் ரிசீவ் பவர் நம்பரும் அங்க தான் கை குடுக்கும்.

எங்க வீட்ல இப்ப ரவுட்டர் பலகைக்கு மேல செவுத்துல ஒரு அட்டை ஒட்டி இருக்கோம். கஸ்டமர் நம்பர், பிபிபிஓஇ யூசர்நேம், நல்லா இருக்கும்போது ரிசீவ் பவர் மைனஸ் 21, அடாப்டர் 12 வோல்ட் 1 ஆம்பியர் மாத்தின தேதி, லைன்காரர் அண்ணா நம்பர், கீழ பெரிய எழுத்துல ஊசி ஓட்டையை தொடாதேனு தங்கச்சி எழுதினது. நான் வெளியூர்ல இருந்தாலும் அம்மா அதை பாத்து எந்த லைட்டு எரியுதுனு சொல்லிடுறாங்க.